கலைமணி மடி மீட்ட வரலாறு

சிதம்பரம் மேலவீதியில் மெத்தைக்கடை வைத்திருக்கும் கலைமணி, தம்முடைய நாற்பத்து நான்காவது வயதில், ஒரு நல்ல முகூர்த்த நாளில், சுற்றமும் நட்பும் சூழ்ந்திருக்க, மேளம் முழங்க, தம் மடியைப் பறிகொடுத்தார். பதவியைப் பறிகொடுத்தவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தலைமுடியைப் பறிகொடுத்தவர்களுக்கு எண்ணெய் இருக்கிறது. மடியைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் சொல்ல இந்த ஜில்லாவில் ஒரு ஏற்பாடும் கிடையாது.

நடந்த இடம் ஸ்ரீமுஷ்ணம். நடந்த விசேஷம் தங்கை வினோதினியின் மூத்த பெண் அறிவுமதிக்குக் காதுகுத்து. குழந்தைக்குக் காது குத்தும்போது அது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பன்காரன்கூட எட்ட நின்று வேடிக்கை பார்க்கலாமே தவிர உட்கார முடியாது. தாய்மாமனுக்கு இருக்கும் உரிமைகளில் செலவில்லாதது அது ஒன்றுதான் என்பதால் அதற்கு மரியாதை ஜாஸ்தி.

கலைமணி சீர்த்தட்டுகளோடு கம்பீரமாகத்தான் வந்தார். மணைப்பலகையில் உட்கார்வதில்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் தூணைப் பிடித்தார். பிறகு ஒரு முழங்காலை ஊன்றினார். பிறகு சற்று யோசித்தார். கடைசியில் தொம்மென்று உட்கார்ந்தபோது, அவருக்கு முன்னால் அவர் வயிறு உட்கார்ந்து இடம் பிடித்திருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்தார்கள். அது வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி வந்தது. குழந்தைக்கு அது ஒரு விளையாட்டாகப் பட்டதோ என்னவோ, கையைத் தட்டி மூன்றாம் முறைக்குத் தயாரானது. ஊசியைக் கையில் வைத்திருந்த ஆசாரி மரியாதை தெரிந்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, "சரிவுல வச்சுக் குத்த வராதுங்க. கொஞ்சம் சமதரையா வேணும்" என்றார்.

அத்தோடு போயிருந்தால் ஆசாரியை மன்னித்து இந்த வரலாற்றை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் குழந்தையின் அப்பா எழிலன் கடலூரில் மைக்செட் போடுகிறவர். அவருக்கு இயல்பாகவே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். அதற்கு மேல் கையில் எப்போதும் ஒயர் இல்லாத மைக் ஒன்று இருக்கும். தூங்கும்போது அதை எங்கே வைக்கிறார் என்பது வினோதினிக்கு மட்டுமே தெரியும். அவர் அன்றைக்கு மைக்கை வாயருகே கொண்டுபோய், ஊர்வலம் விடுகிற தோரணையில் சொன்னார்:

"யாரும் மச்சானக் குத்தம் சொல்லாதீங்க. மடி இருந்த எடத்துல வயிறு குடிவந்துடுச்சு. காலி பண்ணுன்னா பண்ணுமா? கோர்ட்டுக்குத்தான் போவணும்."

மண்டபம் சிரித்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியாக ஒரு தவணை சிரித்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த கதிரவனை எழிலன் கூப்பிட்டார். கதிரவன் வினோதினிக்குச் சித்தப்பா மகன், பென்சிலைப் போல ஒல்லியானவன். அவன் சப்பணம் போட்டு உட்கார்ந்ததும் அங்கே தாம்பாளம்போல ஒரு மடி உண்டாயிற்று. அறிவுமதி அதில் அமர்ந்தாள். காது குத்தப்பட்டது. சீர் ஒருவருடையது, மடி இன்னொருவனுடையது என்று விழா இனிதே முடிந்தது.

முடியவில்லை. கலைமணி எழுந்திருக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கையாக இரண்டு பேர் பிடித்து இழுக்க, எழிலன் மைக்கில் "ஏலேலோ ஐலசா" போட்டார். தேவனாம்பட்டினத்தில் படகைக் கரையேற்றும்போதுகூட அவ்வளவு உற்சாகம் இருக்காது. அதை யாரோ படம் பிடித்தார்கள். பந்தியில் சாம்பார் வருவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் அது வந்துவிட்டது.

கலைமணி அன்று ரசத்தோடு எழுந்துவிட்டார். மோர் சாப்பிடாமல் அவர் பந்தியிலிருந்து எழுந்தது அதுவே முதல் தடவை. பழிவாங்கும் எண்ணம் என்பது அவருக்குள் அப்படித்தான் நுழைந்தது.

பழிவாங்குவதற்கு அவரிடம் பல திட்டங்கள் இருந்தன. எழிலனோடு பேசாமல் இருந்துவிடலாம், ஆனால் பேசுவதற்கு அவருக்கு மைக் போதும், எதிரே ஆள் தேவையில்லை. தங்கை வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம், ஆனால் தங்கை அழுவாள். இப்படி யோசித்து யோசித்து ஒன்றும் ஒப்பேறாமல் இருந்த சமயத்தில் வினோதினி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்ற நல்ல செய்தி குழுவில் வந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். எழிலன் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த காதுகுத்துக்கும் மடி உபயம் கதிரவன்தான் என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். சிரிக்கிற பொம்மைகள் சரசரவென்று வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று கலைமணியின் சொந்தப் பெரியம்மா அனுப்பியது.

அன்றைக்கு முடிவாயிற்று. மடியைத் திரும்பப் பெறுவது. பெற்று, அதை எழிலனின் கண்ணெதிரே விரித்து வைப்பது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தாலும் சரி.

முதலில் ஓடுகிற யந்திரம் ஒன்றை வாங்கினார். அதன்மேல் அவர் ஓடினார் என்று சொன்னால் மிகையாகும். யந்திரம் ஓடியது, அவர் இறங்கிக்கொண்டார். இப்போது அது கடை வாசலில் தலையணைகளை அடுக்கிவைக்க உதவுகிறது. அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று, பகல் முழுவதும் எலுமிச்சம்பழத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டார். சில நாட்கள் போயின. தேங்காய்நார் மெத்தையின் பெருமையை ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி அந்த மெத்தையிலேயே விழுந்தார். விழுந்தவர் முகத்தில் தெரிந்த அமைதியைப் பார்த்துவிட்டு, வந்தவர் அந்த மெத்தையையே கட்டிக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முதலில் கலைமணியை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

அப்புறப்படுத்திக் கொண்டுபோனது டாக்டர் கார்த்யாயினியிடம். அந்த அம்மாள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது, உள்ளே இன்னும் வரவில்லை என்றார். பட்டினி கிடந்தால் வயிறு போகாது, ஆள்தான் போவார் என்றும் சொன்னார். பிறகு, எதற்காக இந்த அவசரம் என்று கேட்டார். முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று வழக்கமான பதில்களுக்குக் காத்திருந்தவரிடம் கலைமணி உண்மையைச் சொன்னார். ஒருத்தனைப் பழிவாங்க வேண்டும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முழங்காலுக்காக வர்றவங்க ரெண்டு வாரத்துல நின்னுடறாங்க. நீங்க நிக்க மாட்டீங்கபோல" என்றார். "பழிவாங்குங்க, வேணாங்கல. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்குங்க. வெறும் வயித்துல வேணாம்."

அவர் சொன்ன வைத்தியத்தில் கசப்பு மருந்து எதுவும் இல்லை என்பது கலைமணிக்கு ஏமாற்றமாகவே இருந்தது. தட்டில் பாதிக்குக் காய், கீரை. மீதிப் பாதியில் சோறு கொஞ்சம், பருப்போ மீனோ முட்டையோ கொஞ்சம். மென்று தின்ன வேண்டும். ராத்திரி சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும். தனியாக உடற்பயிற்சிக்கு நேரம் தேட வேண்டாம், இருக்கிற வேலையையே நடந்து, குனிந்து, எழுந்து செய்தால் போதும். நாற்காலியைக் கண்டால் எதிரியைக் கண்டதுபோல ஒதுங்க வேண்டும். எதிரி என்ற சொல் மட்டும் கலைமணிக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் இந்தத் திட்டத்துக்குப் பேராதரவு கிடைத்தது. கலைமணியின் மனைவி தமிழ்ச்செல்விக்கு எழிலன் பேரில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. வினோதினியின் முதல் வளைகாப்பில் தமிழ்ச்செல்விதான் ரசம் வைத்தாள். அந்த ரசத்தில் கை கழுவிக்கொள்ளலாம், தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்று எழிலன் மைக்கில் அறிவித்தார். அவள் அப்போது சிரித்தாள். சிரித்துவிட்டு அதை ஊறுகாய் போல ஊறப் போட்டு வைத்திருந்தாள். இப்போது ஜாடியைத் திறந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டின் அரசியல் மாறியது. சிதம்பரத்துக்காரர்களுக்குக் கத்தரிக்காய் கொத்சு என்பது இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் படைக்கப்பட்டது. தமிழ்ச்செல்வி அதைத் தலைகீழாக்கினாள். கிண்ணம் நிறையக் கொத்சு, தொட்டுக்கொள்ள இட்லி. மத்தியானம் தட்டில் சோறு ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க, முளைக்கீரையும் அவரைக்காயும் நடு இடத்தைப் பிடித்தன. கடலூர் முதுநகரிலிருந்து மீன்காரம்மா கொண்டுவரும் மத்தி குழம்பில் நீந்தியது, எண்ணெயில் குதிக்கவில்லை. சாயங்காலம் கீழவீதி பஜ்ஜிக்குப் பதில் அவித்த வேர்க்கடலை. ராத்திரி கேழ்வரகு அடை, அதுவும் கடையிலிருந்து வந்த கையோடு.

மென்று தின்னுவதுதான் ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது. அதுவரை அவர் வாயை ஒரு வழிப்பாதையாகத்தான் பயன்படுத்தியிருந்தார். தமிழ்ச்செல்வி அதற்கும் வழி சொன்னாள். முருங்கைக்காயை வாயில் போட்டதும் அதை எழிலனின் மைக் பிடிக்கும் விரலாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் முருங்கைக்காயிலிருந்து வெளியே வந்த சக்கையில் எறும்புக்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. பாகற்காயைக் கடிக்கும்போது கலைமணியின் முகத்தில் ஒரு புன்னகை படர்வதைக் கண்டு தமிழ்ச்செல்வியே சில சமயம் பயந்தாள்.

வண்டிச் சாவி அவள் கைப்பைக்குள் குடியேறிவிட்டது. வீட்டுக்கும் கடைக்கும் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்கும் வண்டியில் போய்வந்தவர் இப்போது நேர் வழியை விட்டு, வடக்குவீதி, கீழவீதி, தெற்குவீதி என்று சுற்றி மேலவீதிக்கு வந்தார். நடராஜர் தேர் வருஷத்துக்கு இரண்டு முறை ஓடுகிற பாதை அது. முதல் வாரங்களில் கலைமணியும் தேரைப் போலவே திருப்பத்துக்குத் திருப்பம் நின்றார். பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குஞ்சிதபாதம் வாசலில் நின்று, ரெண்டாவது தேருக்கு வடம் பிடிக்க ஆளில்லையே என்று தினமும் வருத்தப்பட்டார். கலைமணி, பழிவாங்க வேண்டியவர்கள் வரிசையில் எழிலனுக்குப் பின்னால் குஞ்சிதபாதத்துக்கு ஒரு இடம் போட்டுவைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

கடையில் நாற்காலி போயிற்று. தரையில் கோரைப்பாயில் உட்கார்ந்தார். மெத்தை விற்கிறவர் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மெத்தையெல்லாம் விற்றுத் தீர்ந்து, தனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவர் பதில் சொல்லிப் பார்த்ததில் வியாபாரம் கூடவே செய்தது. ஒவ்வொரு ஆளுக்கும் எழுந்து, காட்டி, மறுபடி உட்கார வேண்டும். முதலில் பீரோவைப் பிடித்து எழுந்தார். பீரோ நகர்ந்தது. பிறகு தொடையில் கை ஊன்றி எழுந்தார். கடைசியில் ஒருநாள், ஒரு பாட்டியம்மாள் தலையணை விலை கேட்ட வேகத்தில், எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் தலையணை வாங்கவில்லை. கலைமணி அவருக்கு அதை இனாமாகக் கொடுத்தனுப்பினார்.

இத்தனையும் பரம ரகசியம். பழி என்பது சூடாறாமல் ஒரே தடவையில் பரிமாற வேண்டியது என்பது அவர் கொள்கை. வயிறு வற்ற வற்ற, பழைய தொளதொளச் சட்டைகளையே போட்டுக்கொண்டார். வீடியோவில் பேசினால் நெற்றியை மட்டும் காட்டினார். வினோதினிக்கு மாசியில் பையன் பிறந்தபோது பார்க்கப் போகவில்லை. தமிழ்ச்செல்வியிடம் சாமான்களைக் கொடுத்தனுப்பினார். பெயர் வைக்கும் நாளுக்கும் போகவில்லை. பையனுக்கு அருள்மொழி என்று பெயர் வைத்ததைக் குழுவில்தான் பார்த்தார். வினோதினி போன் செய்து, "இன்னும் கோவமாண்ணே? புள்ளைய ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள். கடையில் ஆள் இல்லை, லோடு வருகிறது என்று எதையோ சொன்னார். போனை வைத்தபிறகு அந்த ஐலசா வீடியோவை எடுத்து ஒருமுறை பார்த்தார். தெம்பு வந்துவிட்டது.

ஆனால் சிதம்பரத்தில் ஒருவர் கீரை தின்பது கடலூருக்குத் தெரியாமல் இருக்குமா? மச்சான் பத்தியம் இருக்கிறார் என்று எழிலன் காதுக்கு எப்படியோ எட்டியது. அவர் குடும்பத்துக்கு அண்ணாகிராமம் பக்கத்தில் பலாவும் முந்திரியுமாகத் தோப்பு இருக்கிறது. ஒருநாள் வாடகை வேனிலிருந்து இரண்டு பேர் சுமந்து இறக்கிய பலாப்பழம் ஒன்று கலைமணி வீட்டு நடையில் உட்கார்ந்தது. அதன் பருமனையும் உட்கார்ந்த விதத்தையும் பார்த்தபோது கலைமணிக்கு அது தம்மைப் பற்றிய கேலிச்சித்திரம்போல இருந்தது. பின்னாலேயே முந்திரி மூட்டை. போனில் எழிலன் உருகினார். மச்சான் இளைத்துவிடக் கூடாது, நம்ம தோப்புப் பண்டம், மீதம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்றார். மாதாமாதம் ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

வாசனை மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. கலைமணி டாக்டர் சொன்ன அளவுக்குச் சுளை தின்றார். ஒரு கைப்பிடி முந்திரியும் தின்றார். மீதியைப் பார்த்துக்கொண்டு நின்ற தமிழ்ச்செல்வியின் கண்ணில் அப்போதுதான் அந்தப் பொறி பறந்தது.

"குறிஞ்சிப்பாடி கதிரவனுக்குப் போன மாசந்தானே கல்யாணம் ஆச்சு" என்றாள்.

"ஆமா. அதுக்கு என்னா இப்ப?"

"புது மாப்பிள்ள. அண்ணின்னு ஒருத்தி இருக்கேன், வாய்க்கு ருசியா ஒண்ணும் செஞ்சு அனுப்பலியே."

கலைமணி அவளையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தாம் யாரோடு வாழ்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நெய் மிதக்க முந்திரி அல்வா, பலாச்சுளைப் பாயசம், முந்திரி கேக் என்று எழிலன் தோப்பிலிருந்து வந்தவை எல்லாம் தமிழ்ச்செல்வியின் அடுப்பில் உருமாறி, தூக்குவாளியில் பஸ் ஏறி, குறிஞ்சிப்பாடியில் இறங்கின. கதிரவன் நல்ல பிள்ளை. கொடுத்ததை மீதம் வைக்கமாட்டான். அண்ணி கைமணத்தைப் பற்றிக் குழுவில் மனமுருகி எழுதினான். ஒரு ஒல்லிப் பையனின் எதிர்காலத்தில் இப்படி நெய் ஊற்றுகிறோமே என்று கலைமணிக்கு மனதில் குறுகுறுப்பு ஏற்பட்டது உண்மை. அதற்கும் அந்த வீடியோவே மருந்தாயிற்று.

தை மாதம் வந்தது. அருள்மொழிக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்தார்கள். இடம் அதே ஸ்ரீமுஷ்ணம், அதே மண்டபம், ஆசாரியும் அவரே. கலைமணி முந்தின வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று, மடியில் குழந்தையோடு எழிலனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வாசகத்தைத் தயார் செய்தார். மூன்று பத்திகளாக ஆரம்பித்தது, தமிழ்ச்செல்வி திருத்தத் திருத்த நான்காயிற்று.

அன்று காலை அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணையில் ஏற்கெனவே கதிரவன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்பதைவிட வைக்கப்பட்டிருந்தான் என்பது பொருத்தம். கல்யாணச் சட்டையின் நடுப்பொத்தான் இரண்டு துணிகளுக்கும் இடையே சமாதானம் பேச முடியாமல் விலகியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அருள்மொழியை எழிலன் அவன்மேல் வைத்தார். பிள்ளை மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், வழுக்கித் தரைக்கு வந்தான்.

ஆசாரி ஊசியை இறக்கினார். "இங்கயும் சரிவுதாங்க" என்றார்.

எழிலன் கையில் மைக் இருந்தது. வாயும் இருந்தது. ஆனால் தாம் தேர்ந்தெடுத்த மடியைப் பற்றித் தாமே என்ன சொல்வது என்று தெரியாமல் முதல் முறையாக அவர் மைக்கைக் கீழே இறக்கினார். வினோதினிதான் முன்னால் வந்தாள். அண்ணன் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"எம்புள்ளைக்குத் தாய்மாமன் இருக்கும்போது எதுக்கு ஆள் தேடிகிட்டு? வாண்ணே. ஒக்காருவியா?"

கலைமணி சட்டையைக் கழற்றி, மேல்துண்டை இடுப்பில் கட்டினார். மண்டபம் ஒரு நிமிஷம் அவருடைய வயிறு இருந்த இடத்தைத் தேடியது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கதிரவனைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவன் போன பிறகு கலைமணி தூணைப் பார்க்கவில்லை, கையை ஊன்றவில்லை, கொக்கு கரையில் அமர்வதுபோல அமர்ந்து சப்பணம் போட்டார். அங்கே சமதளமாக, அகலமாக, ஒரு குடும்பமே உட்காரலாம் போல மடி விரிந்தது. ஆசாரி ஒரு கலைஞரின் திருப்தியோடு தலையசைத்தார்.

வினோதினி பிள்ளையை அதில் வைத்தாள். அருள்மொழி நிமிர்ந்து மாமனின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு வீறிட்டான்.

அது ஊசிக்குப் பயந்த அழுகை அல்ல. ஊசி இன்னும் எட்டத்தில்தான் இருந்தது. யாரென்றே தெரியாத ஒரு ஆள் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று ஊருக்கு அறிவிக்கும் அழுகை. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்திராத முகம், அவன் வேறென்ன செய்வான்? உடம்பை வில்லாக வளைத்து, காலை உதைத்து, மடி முழுவதும் காலியாக இருக்க, வெளியே போவதற்கு வழி தேடினான். வயிறு வற்றியது தெரியக் கூடாது என்று பிள்ளையைப் பார்க்காமல் இருந்தது எத்தனை பெரிய மடத்தனம் என்று கலைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. மடி தயார். உட்காருகிறவனைத் தயார் செய்ய மறந்துவிட்டார்.

எழிலனுக்கு உயிர் வந்துவிட்டது. மைக் மேலே ஏறியது. "பையன் வெவரமானவன். ஆள் அடையாளம் கேக்கிறான். மச்சான், ஆதார் கார்டு இருக்குதா?"

நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். அப்பன் மடியிலேயே வைத்துக் குத்திவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். எழிலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தேவிட்டார். ஒன்றரை வருஷத்துக் கீரையும் கேழ்வரகும் கலைமணியின் கண்ணெதிரே கரைந்தன.

அவர் யோசிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்தார். இரண்டு கையும் பிள்ளைமேல் இருந்ததால் ஊன்றக் கையே இல்லை. அது பிறகு பல பேரால் பேசப்பட்டது. அந்த நேரத்தில் அவருக்கே தெரியவில்லை. மண்டபத்தை விட்டு இறங்கிக் குளக்கரைக்குப் போனார். நடந்தார். நாலு வீதியையும் தினமும் சுற்றின கால், குளத்தின் நாலு கரையையும் சுற்றியது. பிள்ளை அலறினான். அவர் நடந்தார். இன்னதென்று இல்லாமல், கடையில் இருக்கும் மெத்தை வகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அவன் காதில் சொல்லிக்கொண்டே நடந்தார். அவருக்குத் தெரிந்த தாலாட்டு அதுதான்.

பின்னாலேயே எழிலன் ஓடிவந்தார். பிள்ளையைக் கொடுங்கள், நேரமாகிறது என்று மேல்கரையில் கேட்டார். அடுத்த கரையில் மறுபடி கேட்டார். அதற்கடுத்த கரையில் கேட்க மூச்சு இல்லை. இருபது வருஷமாக ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்தே நின்று பழகிய கால் அது. படிக்கட்டில் உட்கார்ந்து, மைக்கால் விசிறிக்கொண்டார்.

மறு சுற்றில் அலறல் விம்மலாயிற்று. அதற்கடுத்து விரலைச் சூப்பும் சத்தம். அருள்மொழி மாமனின் தோளில் கன்னத்தை அழுத்தி, எச்சில் ஒழுக, தூங்கிப்போனான்.

கலைமணி பூனைபோல மண்டபத்துக்குள் வந்து, பூனைபோலவே உட்கார்ந்தார். பிள்ளை தோளிலிருந்து மடிக்கு இறங்கினான், விழிக்கவில்லை. எதிரே எழிலன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். நான்கு பத்திகளுக்கும் இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. தமிழ்ச்செல்வி கூட்டத்திலிருந்து ஆரம்பி என்று கண்ணால் சைகை காட்டினாள். கலைமணி வாயைத் திறந்தார். பிள்ளையின் புருவம் லேசாக நெளிந்தது. வாயை மூடிக்கொண்டார். எழிலனும் ஏதோ சொல்ல மைக்கைத் தூக்கினார். வினோதினி அதை வெடுக்கென்று பிடுங்கி நிறுத்திவிட்டு, புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

முதல் காது குத்தும்வரை பிள்ளை தூங்கினான். இரண்டாவதற்கு விழித்து, அழுதான். அழும்போது இரண்டு கையாலும் மாமனின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். கலைமணிக்குக் கண் கலங்கியது. சங்கிலி இறுக்கியதால் என்று அவர் பின்னால் விளக்கம் சொன்னார்.

வினோதினி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பால் கொடுக்க உள்ளே போகும்போது மைக்கை ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவள் செய்த தவறு. எழிலன் அதை எடுத்து மறுபடி உயிர் கொடுத்தார். மடியில் தோற்றாலும் மைக்கில் தோற்றவரில்லை. செல்போன்கள் உயர்ந்தன. பழைய வீடியோவுக்கு இரண்டாம் பாகம் எடுக்க எல்லோரும் தயாராக இருந்தார்கள். எழிலன் ஒரு கையில் மைக்கைப் பிடித்தும், இன்னொரு கையைத் தூக்கிவிடும் பாவனையில் நீட்டியுமாக வந்தார்.

"சரி மச்சான், குத்தியாச்சு. எழுந்திரிக்கிறதுதானே பாக்கி. எல்லாரும் சேந்து சொல்லுங்க, ஏலேலோ…"

கலைமணி நீட்டிய கையைப் பார்த்தார். நான்கு பத்திகளில் ஒரு வரிகூட அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. கையைப் பற்றினார். மெத்தைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய பிடி அது. எழவில்லை. இழுத்தார்.

படிக்கட்டில் ஏற்கெனவே பலம் இழந்திருந்த எழிலனின் முழங்கால்கள் இரண்டும் ஒரே சமயத்தில் ஓய்வு கேட்டன. அவர் ஒரு அரை வட்டம் சுழன்று, கலைமணியின் மடியில் பக்கவாட்டில் வந்து அமர்ந்தார். மடி தாங்கியது. மைக் கையை விட்டு நழுவி, ஒருமுறை கீச்சிட்டு, கலைமணியின் முழங்காலருகே வாயைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எழிலன் திமிறினார். ஊன்ற இடமில்லை, எழ வலுவில்லை. கலைமணி ஒரு கையை அவர் இடுப்பில் போட்டு, பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பக்குவமாகப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மாப்ள" என்றார், மெதுவாகத்தான். மைக் அதை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கர் ஸ்ரீமுஷ்ணம் முழுவதற்கும் கொண்டுபோயிற்று. "ஆசாரி இன்னும் ஊசிய எடுத்து வைக்கல."

எழிலனின் இரண்டு கைகளும் தாமாக மேலே போய்க் காதுகளைப் பொத்திக்கொண்டன. ஒரு செல்போன்கூடக் கீழே இறங்கவில்லை.